சாவி யார் கையில்?

வீடு நம்முடையது, சாவி மாத்திரம் அடுத்தவனுடையது என்றால் அறிவுள்ளவன் ஒப்புவானா? உளுந்தூர்பேட்டைக் கடைத்தெருவில் விண்டோஸ் கணினி வாங்குகிறவரின் கதி அதுவேயாகும். மூல நிரலைப் பார்க்காதே, திருத்தாதே, பிறருக்குக் கொடுக்காதே என்பது மென்பொருள் முதலாளிகளின் சாஸ்திரம். சூத்திரன் வேதம் படிக்கலாகாது என்ற சாஸ்திரத்துக்கும் இதற்கும் என்ன பேதம்?

1983-ல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை மறுத்தார். எவரும் இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த லினக்ஸ் பின்னர் அதனோடு சேர்ந்தது. காசில்லாமல் கிடைப்பதல்ல இதன் பெருமை. உரிமையோடு கிடைப்பதே பெருமை.

2014-ல் மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்பி-க்கு ஆதரவை நிறுத்தியது. உடனே தமிழ்நாடு அரசே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நாடும்படி தன் இலாகாக்களுக்குச் சொல்ல நேர்ந்தது. முதலாளி கைவிட்டால் திண்டாடுவது நாமே என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1935-ல் பெரியார் 'குடிஅரசு' பத்திரிகையில் தமிழ் எழுத்துக்களைத் திருத்தி அச்சிட்டார். அச்சு தம் கையிலிருந்ததால் எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. அரசு ஏற்றதோ 1978-ல்தான்! அதே உரிமை கணினியிலும் நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

ஆகவே, நம் ஊர்ப் பள்ளிகளில் லினக்ஸை ஓட்ட மாத்திரமல்ல, அதன் நிரலைத் திறந்து படிக்கவும் கற்பிக்க வேண்டுமென்கிறோம். பெற்றோரும் ஆசிரியர்களும் இதைக் கவனிப்பார்களாக.