யாருடைய பிள்ளைகளுக்குக் கைத்தொழில்?

ஆகஸ்டு 7ஆம் தேதி வந்துவிட்டால் போதும், நமது கனவான்களுக்குக் கைத்தொழிலின் மீது திடீர்க் காதல் பிறந்துவிடுகிறது. 2015ஆம் ஆண்டிலிருந்து அந்த நாளைத் தேசியக் கைத்தறி தினமென்று மத்திய சர்க்கார் கொண்டாடி வருகிறது. மேடை போடுகிறார்கள். நான்கு முதிய நெசவாளிகளைத் தேடிப் பிடித்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். (அந்தப் பொன்னாடை விசைத்தறியில் ஓடியது என்பது வேறு விஷயம்.) பிறகு உபதேசம் ஆரம்பமாகிறது.

காஞ்சிபுரத்தில் அப்படிப்பட்ட கூட்டமொன்றில் நாமும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பேசியவர் ஒரு பெரிய மனிதர். "இந்தக் காலத்து ஆண்பிள்ளைகளுக்கு உடம்பு வணங்குவதில்லை. தறியில் உட்கார்ந்தால் கௌரவம் போய்விடுமென்று நினைக்கிறார்கள். பையன்களைச் சிறு வயதிலேயே தொழிலில் பழக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் பாரம்பரியம் அழிந்துவிடும்" என்று முழங்கினார். கைதட்டலும் கிடைத்தது. நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் நம் காதோடு கேட்டார்: "ஏன் தோழரே, இவர் பையன் எந்தத் தறியில் ஓட்டறான்?"

விசாரித்தோம். அவருடைய இரண்டு பையன்களும் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறார்களாம். நல்லது. பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும். ஆனால் பாரம்பரியத்தைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் பிள்ளையார்பாளையத்துப் பையன்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே நமது கேள்வி.

சிறு வயதிலேயே பழக்க வேண்டும் என்கிறார் அல்லவா? பழக்கிய கதையை அவருக்குத் தெரியாவிட்டால் நாம் சொல்கிறோம்.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், இரண்டு பக்கமும் கரை வேறு நிறம். கரைக்கு இரண்டு நாடா, உடலுக்கு ஒரு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒற்றை ஆளால் வேகமாக ஓட்ட முடியாது. தறிக்குழியில் நெசவாளி உட்கார்ந்து மிதிக்க, பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கைகள் கரை நாடாவை வாங்கித் தள்ள வேண்டும். அந்தக் கைகள் பல்லாண்டுக் காலமாக யாருடைய கைகள்? எட்டு வயது, பத்து வயதுப் பையன்களின் கைகள். பட்டு முதலாளியிடமோ தறிக்காரரிடமோ தகப்பன் முன்பணம் வாங்கிவிடுவான். கலியாணக் கடனோ ஆஸ்பத்திரிக் கடனோ, ஏதோ ஒன்று. அந்த முன்பணம் தீருகிற வரையில் பையன் தறிப் பலகையில். முன்பணம் தீருவதே கிடையாது. காலையில் விளக்கு வைத்து உட்கார்ந்தால் இரவு விளக்கு வைத்துத்தான் எழுந்திருக்க வேண்டும். நாடா தவறினால் தலையில் குட்டு.

இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. எழுதுகிற நாமும் அந்தப் பலகையில் உட்கார்ந்தவர்கள்தாம். பள்ளி விட்டதும் நேரே தறி, விடுமுறை நாளென்றால் முழு நாளும் தறி. அப்படியும் பத்தாம் வகுப்பு வரை எப்படிப் படித்துத் தேறினோம்? நம்முடைய அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தார் சுற்றினாள். அதனால் படித்தோம். அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறோம்.

குழந்தைத் தொழிலை எதிர்த்து நடந்த இயக்கங்களாலும் சட்டத்தின் நிர்ப்பந்தத்தாலும் பையன்கள் பலகையிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்கள் இறங்கிய இடத்தில் பல வீடுகளில் நெசவாளியின் மனைவி உட்கார்ந்தாள். பல வீடுகளில் கோர்வையே நின்றுபோயிற்று. இப்போது கனவான்கள் கண்ணீர் விடுகிறார்களே, அந்தக் கோர்வைதான்! பள்ளிக்கூடம் போன பையன் தறிக்குத் திரும்பவில்லை என்று கோபிக்கிறார்கள். அவன் ஏன் திரும்ப வேண்டும்? ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் காண்டிராக்டு வேலை அவனுக்குச் சொர்க்கமல்ல. அங்கே நடக்கும் சுரண்டலை நம்முடைய சங்கங்கள் நன்றாகவே அறியும். ஆனாலும் மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று வருகிறது. தறியில்? 2019-20இல் சர்க்கார் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பே சொல்கிறது: நாட்டில் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய் கூடச் சம்பாதிப்பதில்லை. 1995-96இல் 65 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை இந்தக் கணக்கெடுப்பில் 35 லட்சமாகச் சுருங்கிவிட்டது. உடம்பு வணங்காத முப்பது லட்சம் சோம்பேறிகளா இவர்கள்?

நூல் விலையைக் கட்டுப்படுத்தினார்களா? நூற்பாலைகள் கட்டாயம் சிட்டம் கட்டித் தர வேண்டிய நூலின் அளவை 2019இல் 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைத்தவர்கள் யார்? 1985இல் இயற்றிய சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது; அதைப் பிற்பாடு 11 ஆக வெட்டியவர்கள் யார்? 2020இல், கொரோனாவினால் தறிகள் நின்று நெசவாளி கஞ்சிக்கு அலைந்துகொண்டிருந்த சமயம் பார்த்து, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் கைவினை வாரியத்தையும் அடுத்தடுத்து இழுத்து மூடியவர்கள் யார்? மூடிய கையோடு அதே ஆகஸ்டு 7ஆம் தேதி தினத்தையும் கொண்டாடினார்களே, அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

பையன்களைத் தகப்பன் தொழிலில் பழக்கும் யோசனை இந்த மாகாணத்துக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி சர்க்கார் ஓர் ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினம் மூன்று மணி நேரம் பாடம். மிச்ச நேரம் வீட்டில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிக்கூடம் போதவில்லை, வாத்தியார் போதவில்லை, இரண்டு ஷிப்டு வைத்தால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம் என்று சமாதானம் சொன்னார்கள். ஆனால் திட்டம் கிராமத்துப் பள்ளிகளுக்கு மட்டுமே! பட்டணத்து வக்கீல் பிள்ளைக்கு முழு நாளும் பள்ளி. கிராமத்துச் சலவைத் தொழிலாளி பிள்ளைக்கு அரை நாள் பள்ளி, அரை நாள் துறை. ஜனங்கள் அதற்குக் குலக்கல்வி என்று சரியாகப் பெயர் வைத்தார்கள். பெரியாரின் திராவிடர் கழகம், தி.மு.க., கம்யூனிஸ்டுகள், காங்கிரசுக்குள்ளேயே இருந்த எதிர்ப்பாளர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். 1953 ஜூலையில் சட்டசபையில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சபாநாயகர் வோட்டினால் அன்று சர்க்கார் பிழைத்தது. மறு வருஷம் ராஜாஜி போனார், காமராஜர் வந்தார், திட்டமும் போயிற்று.

போனது திரும்பி வராது என்று நினைத்தவர்கள் உண்டு. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று முன்வாசலில் பலகை மாட்டினார்கள். பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில், குடும்பத் தொழிலில் பிள்ளை 'உதவலாம்' என்று பின்வாசலைத் திறந்துவைத்தார்கள். தறி இருப்பது வீட்டுக்குள்ளே. உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்று எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்?

அதற்கடுத்து 2023 செப்டம்பர் 17ஆம் தேதி விசுவகர்மா திட்டம். ஐந்தாண்டுகளுக்கு 13,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு. தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், சலவையாளர், செருப்புத் தைப்பவர் என்று 18 தொழில்கள். சில நாள் பயிற்சி, தினம் 500 ரூபாய் படி, கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சமும் பிறகு 2 லட்சமும் கடன். பணத்தை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஏழைத் தொழிலாளிக்குக் கருவியும் மலிவு வட்டிக் கடனும் கிடைப்பது நல்லதே. ஆனால் குரு-சிஷ்ய பரம்பரையையும் குடும்ப வழித் தொழிலையும் வலுப்படுத்துவது நோக்கம் என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். வயது வரம்போ 18. கல்லூரி வாசலில் கால் வைக்கிற வயதில், வா தம்பி, உன் அப்பன் தொழில் இருக்கிறது, கடன் தருகிறோம் என்று கையைப் பிடித்து இழுப்பதற்கு என்ன பெயர்? நாங்கள் ஜாதி கேட்கவில்லையே என்று பதில் வருகிறது. கேட்க வேண்டியதில்லை ஐயா! நமது நாட்டில் தொழிலையும் தகப்பனையும் சொன்னால் ஜாதி தானாகவே வந்து நிற்கும்.

2024 நவம்பரில் தமிழக சர்க்கார், இந்த உருவத்தில் ஏற்க மாட்டோம், குடும்பத் தொழில் நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று கடிதம் எழுதியது சரியான காரியம். பிறகு 25 தொழில்களுக்கு அது தனித் திட்டமும் போட்டது. அதிலும் கடனும் மானியமுந்தான் இருந்தன. கடன் கூலியாகிவிடாது. விற்காத சேலையைக் கட்டிக்கொண்டு கிடப்பவனுக்கு எந்த வட்டியில் கொடுத்தாலும் கடன் கடன்தான்.

அப்படியானால் கம்யூனிஸ்டுகள் ஆண்பிள்ளைகள் கைத்தொழில் கற்பதற்கே விரோதிகளா? இப்படி ஒரு பிரசாரம் நடக்கிறது. சுத்தப் பொய். கைவேலையும் மூளைவேலையும் பிரிந்து கிடப்பதுதான் வர்க்க சமுதாயத்தின் பெரிய நோய்களில் ஒன்று என்று சொன்னவர்கள் நாம். உழைப்பும் படிப்பும் சேர்ந்தே வளர வேண்டும் என்பது மார்க்ஸ் காலத்திலிருந்து நமது கோரிக்கை. 1937இல் வார்தாவில் காந்தியார் வைத்த ஆதாரக் கல்வியை நாம் பல விஷயங்களில் ஏற்கவில்லை. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று வாத்தியார் சம்பளம் கொடுக்கலாம் என்பது நமக்கு உடன்பாடல்ல. இருந்தாலும் அதில் ராட்டை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. தகப்பனைக் கேட்டுத் தொழிலைப் பிரிக்கவில்லை. பின்லாந்து தேசத்தில் 1866லேயே கிராமப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்குக் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். பக்கத்துச் சுவீடனில் இன்றும் பையனும் பெண்ணும் ஒரே வகுப்பில் மரமும் இழைக்கிறார்கள், துணியும் தைக்கிறார்கள். அங்கே டாக்டர் மகன் உளி பிடிப்பதால் டாக்டர் ஆகாமல் போய்விடவில்லை.

நாம் படித்த பள்ளியில் ஒரு மூலையில் தறி ஒன்று கிடந்தது. அச்சு ஒடிந்து, விழுது அறுந்து, அதன்மேல் பழைய பரீட்சைத் தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். நெசவு வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. 2012இல் ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலியவை சொல்லிக்கொடுக்க 16,000 பேருக்கு மேல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அன்றிலிருந்து அவர்கள் நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்காருவதும், போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் வாடிக்கையாயிற்று. கைத்தொழிலுக்கு இவர்கள் கொடுக்கும் மரியாதையைப் பையன்கள் கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? கணக்கு வாத்தியாருக்கு ஒரு சம்பளம், தையல் வாத்தியாருக்கு ஒரு பிச்சை என்றால், ஊசியைத் தொடுவதற்கு எந்தப் பையனுக்கு மனம் வரும்?

ஊசி என்றதும் இன்னொன்று. தையல் பெண்பிள்ளைகள் வேலை என்று பையன்கள் சிரிக்கிறார்கள். தெருக்கோடித் தையற்கடையில் 'மாஸ்டர்' என்று பெயர் வாங்கி மிஷின் மிதிப்பவன் ஆண்தானே? காஷ்மீரச் சால்வையில் நுணுக்கமான ஊசி வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அஸ்ஸாமில் தறியில் உட்காருபவள் பெண். காஞ்சியில் உட்காருபவன் ஆண். இயற்கை எந்தத் தொழிலுக்கும் மீசை வைத்து அனுப்பவில்லை. கூலி கிடைக்கிற இடத்தில் ஊசி ஆணுக்கு, கூலி இல்லாத இடத்தில் அதே ஊசி பெண்ணுக்கு என்பதுதான் இங்கே நடைமுறை.

இதில் நாமும் குற்றவாளிகள். ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். நமது நெசவாளர் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். தறிக்கு ஒரு பெயர், ஆண் பெயர். பாவுக்கு இழை கோர்ப்பவள், தார் சுற்றுபவள், பையன் இறங்கிய பலகையில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுபவள் பெயரைத் தேடினால் காணவில்லை. கூலி உயர்வு மனுவிலும் 'நெசவாளி' ஒருவன்தான். அவள் கை 'உதவி'. 2016ஆம் வருஷத் திருத்தத்தில் சர்க்கார் எழுதிய அதே சொல்! அக்காவிடம் இதைச் சொன்னோம். ஐம்பது வயதைத் தாண்டியும் இன்னும் தார் சுற்றுகிறாள். "இப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதாடா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல நமக்கு வாயில்லை.

அந்தப் பெரிய மனிதருக்கும் அவரைப் போன்றோருக்கும் நாம் கேட்பது இவ்வளவுதான். எல்லாப் பள்ளியிலும், கான்வென்ட் உட்பட, எல்லாப் பையனுக்கும் எல்லாப் பெண்ணுக்கும் மண்ணும் மரமும் நூலும் கையில் கொடுங்கள். சொல்லிக்கொடுக்கத் தொழில் தெரிந்த கைவினைஞனையே முழுச் சம்பளத்தில் வாத்தியாராக்குங்கள். பெரியவனாகி எவன் விரும்புகிறானோ, அவன் எந்த வீட்டுப் பிள்ளையானாலும் சரி, தறிக்கு வரட்டும். வந்தவன் குடும்பம் நடத்துகிற கூலியைச் சட்டத்தில் எழுதுங்கள். அவன் மனைவி தள்ளும் நாடாவுக்கும் தனிக் கூலி எழுதுங்கள். இதற்குச் சம்மதமென்றால் அடுத்த ஆகஸ்டு 7ஆம் தேதி கூட்டத்துக்கு நாமே மேடை போட்டுத் தருகிறோம்.

சந்தாப் புத்தகத்தில் பெண்கள் பெயரைத் தனியே எழுத இம்மாதக் கமிட்டியில் முடிவாயிற்று. இரண்டு தோழர்கள், வீட்டுக்கு இரண்டு சந்தா எப்படிக் கொடுப்பது என்று முணுமுணுத்தார்கள். பெண்கள் சந்தாவைப் பாதியாக்குவதா வேண்டாமா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை முதல் வீடு வீடாகப் பெயர் எழுதுகிறோம்.