மிதிவண்டிக்கு ஏற்ற சாலையா?

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மை அணுகினார். அரசு உதவிபெறும் பள்ளியில் 11-ஆம் வகுப்புப் பயிலும் அவருடைய மகளுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைத்திருந்தது. ஆனால் அது மாடிப்படியின் கீழ் பூட்டியே கிடந்தது. மகள் நாள்தோறும் கெஞ்சுகிறாள். தாய்க்கோ நெஞ்சு நடுங்குகிறது. "இந்தச் சென்னைச் சாலையில் பிள்ளையை நம்பி அனுப்பலாமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

"துணிந்து அனுப்புங்கள்" என்பதும் எளிது. "வேண்டவே வேண்டாம்" என்பதும் எளிது. சாலையைப் பாராமல் சொல்லும் விடை எதுவாயினும் அது பொறுப்பற்ற விடையே. ஆகவே அடுத்த சனிக்கிழமை காலை, பள்ளி தொடங்கும் நேரத்தில், தாயும் மகளும் நாமுமாக அந்த வழியை நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

தாயின் அச்சம் வீண் அச்சமன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டின் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,000-க்கும் மேற்பட்டோர். ஆயினும் மிதிவண்டி ஏழை எளியோரின் வாகனம் என்பதை மறத்தலாகாது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்களில் மிதிவண்டி இருந்தது. நம் உபதேசியார்கள் கிளைக் கிராமங்களுக்கு அதில்தானே சென்றனர்! இத்தாலி நாட்டின் கிசல்லோ அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-இல் அறிவித்தார். பரங்கிமலை, சின்னமலை போன்ற சில மேடுகளை விட்டுவிட்டால் சென்னை சமதரையான நகரமே. மிதிப்பதற்கு நிலம் தடையன்று; தடையெல்லாம் நாம் அமைத்த சாலையும் நாம் ஓட்டும் விதமுமே.

சாலையில் எதைப் பார்க்கவேண்டும்? முதலாவது, வேகம். வண்டியின் வேகம் இருமடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும். ஆதலால் அகன்ற சாலையே நல்ல சாலை என்று எண்ணுவது தவறு. அகலமே பல வேளைகளில் வேகத்தை வருவிக்கிறது. வண்டிகள் மெல்ல ஊர்ந்து செல்லும் குறுகிய தெருவே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது.

இரண்டாவது, சாலையின் இடது ஓரம். மிதிவண்டிக்கு உரிய இடம் என நாம் கருதும் அந்த ஓரத்தில்தான் மணலும் பள்ளமும் நிறுத்தப்பட்ட கார்களும் உள்ளன. காரின் கதவு திடீரெனத் திறக்கக்கூடும். அதனின்று ஒரு மீட்டராவது விலகிச் செல்ல இடமுண்டா? மழைநீர் வடிகாலின் கம்பிமூடி சாலையின் நீளவாக்கில் அமைந்திருப்பின், முன்சக்கரம் அதில் சிக்கும். மழை நாளில் தேங்கும் நீர் இவையனைத்தையும் மறைத்துவிடும்.

மூன்றாவது, பேருந்து நிறுத்தங்களும் சந்திப்புகளும். நிறுத்தத்தில் ஓரம் கட்டும் பேருந்து மிதிவண்டியின் பாதையை அடைத்து, அதனைச் சாலை நடுவே தள்ளுகிறது. சந்திப்பில் இடப்புறம் திரும்பும் லாரியின் ஓட்டுநருக்குத் தம் அருகிலேயே நிற்கும் மிதிவண்டி கண்ணில் படாமற் போகலாம்.

அமெரிக்க ஆய்வாளர் சிலர் 2012-இல் சாலைகளை நான்கு தரங்களாகப் பகுத்தனர்: சிறுவருக்கும் ஏற்றவை முதல் தரம், அச்சமற்ற சிலர் மட்டுமே துணிபவை நான்காம் தரம். அவர்கள் கண்ட நெறி நம் உள்ளத்தில் பதியவேண்டியது: ஒரு வழியின் தரம், அதிலுள்ள மிக மோசமான இடத்தின் தரமே. வழி முழுதும் நன்றாயிருந்தும் ஒரு சந்திப்பு கொடியதாயின், பிள்ளைக்கு அவ்வழி கொடியதே.

நம் ஆய்வின் முடிவு யாது? பேருந்து செல்லும் பெருஞ்சாலை ஆகாது என்பது பத்து நிமிடத்திலேயே தெளிவாயிற்று. அதற்கு இணையாக வீடுகளிடையே செல்லும் தெருக்களின் வழி சற்றே சுற்று, ஆயினும் அமைதியானது. அவ்வழியிலும் ஓரிடத்தில் பெருஞ்சாலையைக் கடந்தே ஆகவேண்டும். அங்கே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, நடப்போருடன் சேர்ந்து கடப்பது என மகள் வாக்களித்தாள். பிரேக், மணி, பின்விளக்கு ஆகியவை சரிபார்க்கப்பட்டன. முதல் வாரம் தந்தை தம் வண்டியில் பின்தொடர்ந்தார். இப்போது அவள் தனியே செல்கிறாள். தாய் இன்றும் வாசலில் நின்று செபமாலை உருட்டுகிறார். ஆனால் பூட்டு திறந்துவிட்டது.

எனினும், ஒரு பிள்ளைக்குச் சுற்றுவழி கண்டதோடு நம் கடமை முடிந்துவிடுமா? நெதர்லாந்து நாட்டில் 1971-இல் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலைகளில் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் தெருவில் இறங்கிக் குரலெழுப்பினர்; காலப்போக்கில் சாலைகளே திருத்தி அமைக்கப்பட்டன. நம் பங்கின் பெற்றோரும் தம் பிள்ளைகள் செல்லும் வழியை ஒருமுறை நடந்து பார்த்து, குறைகளை எழுதி, மாமன்ற உறுப்பினரிடம் கூடிச்சென்று முறையிடலாகாதா?

இன்னொன்றும் உண்டு. பள்ளி வாயிலில் நம் பிள்ளையை இறக்கிவிடக் காரை விரைந்து செலுத்தும்போது, மற்றொருவர் பிள்ளைக்கு அச்சமாய் அமைபவர் நாமே அல்லவா? எரிகோ செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியெடுத்த சமாரியனை நாம் போற்றுகிறோம். எவரும் அடிபடாதபடி வழியைச் செம்மை செய்வதும், நம் வேகத்தைச் சற்றே குறைப்பதும் அதே அன்பின் பணியன்றோ?