சட்டைப் பைக்கு வராத நாணயம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்டு முடிந்து வருகிற தம்பிகள், கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

அரசு வெளியிடும் நினைவு நாணயங்களைப் பற்றி எழுதுகிறேன். ஒரு தலைவரின் நூற்றாண்டு, ஒரு கோயிலின் ஆயிரமாவது ஆண்டு, புதிய நாடாளுமன்றத் திறப்பு என்று ஏதாவது ஒன்றையொட்டி மத்திய அரசின் நாணயச் சாலைகள் சிறப்பு நாணயம் அடிக்கின்றன. மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா என்று நான்கு ஊர்களில் நாணயச் சாலை இருக்கிறது. அடித்ததைப் பெட்டியில் வைத்து செட்டாக விற்பார்கள். எண்ணிக்கை குறைவு. முந்துகிறவருக்குத்தான் கிடைக்கும். ஒரு பக்கம் ஆசைக்காகச் சேர்க்கிறவர்கள். மறுபக்கம் வாங்கி விற்கிற வியாபாரிகள். பெரும்பாலும் வியாபாரிதான் ஜெயிக்கிறார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. விற்கிற முறையில்தான் கோளாறு என்பது என் கருத்து. அதை மாற்றுவதும் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

முதலில் ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம்.

2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத் திறப்பு விழாவில் 75 ரூபாய் நாணயம் வெளியானது. எடை 35 கிராம். அதில் பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். ஆக, வெள்ளி 17.5 கிராம். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் என்.டி.ஆர். நூற்றாண்டு நாணயம் 100 ரூபாய் முகமதிப்பில் இதே கலவையில் வந்தது. ஐதராபாத்தில் சைஃபாபாத், செர்லபள்ளி விற்பனை மையங்களில் ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். செட்டின் விலை 4,000 ரூபாய் அளவில் இருந்தது. அன்றைக்கு வெள்ளி கிராம் 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருந்த வெள்ளி 1,300 ரூபாய்ச் சொச்சம்தான். மீதி வேலைப்பாடு, பெட்டி, வரி, இவற்றோடு நம் ஆசை.

2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் கலைஞர் நூற்றாண்டு நாணயம் வெளியானது. 'தமிழ் வெல்லும்' என்று அவர் கையெழுத்திலேயே பொறித்தது. முகமதிப்பு 100 ரூபாய். அறிவாலயத்தில் அது 10,000 ரூபாய்க்கு விற்பனையானது. நான் அரசியல் பேச வரவில்லை. பற்று உள்ளவர் வாங்குகிறார், அது அவரவர் பணம். ஆனால் ஒன்று கேட்கலாம் அல்லவா? ஒருவரை நாடு நினைவில் வைக்க வேண்டும் என்று அடிக்கும் நாணயம், நாட்டு மக்களின் கைக்கே வரவில்லை என்றால் அது யாருக்காக?

முன்பு இப்படி இல்லை.

1991 மே 21 அன்று நம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த ஆண்டைப் பொறித்தே அவர் முகத்தோடு ஒரு ரூபாய் நாணயம் வந்தது. எந்த வரிசையும் இல்லை, முன்பதிவும் இல்லை. கண்டக்டர் கொடுத்த சில்லறையில் வந்தது. 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது 1, 2, 5 ரூபாய் நாணயங்களில் வள்ளுவர் வந்தார். காமராஜர் நூற்றாண்டுக்கு 5 ரூபாய் வந்தது. அண்ணா நூற்றாண்டுக்கு 2009இல் வந்த 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருந்தது. 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1,000 ஆண்டு நிறைந்தபோது இரண்டு வகையும் அடித்தார்கள். சேகரிப்பவர்களுக்கு 1,000 ரூபாய் வெள்ளி நாணயம், ஊருக்கெல்லாம் 5 ரூபாய் நாணயம். அதுதான் சரியான முறை என்பேன்.

வகுப்பில் வள்ளுவர் நாணயத்தை நான் பாடமாகவே வைத்திருந்தேன். "வீட்டில் தேடிப் பாருங்கள்" என்றால், மறுநாள் ஏதாவது ஒரு பிள்ளை பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து ஒன்று எடுத்து வந்துவிடும். ஒரு நாணயம் நாற்பது கை மாறும். தேய்ந்த நாணயமாக இருந்தால் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். மாநாடு என்றால் என்ன, தஞ்சாவூர் எங்கே இருக்கிறது என்று அப்படியே பாடம் நகரும். செலவு இரண்டு ரூபாய். அதுவும் மாலையில் பாட்டிக்கே திரும்பிப் போய்விடும்.

இப்போது நம் வட்டாரத்தைப் பாருங்கள். இங்கே பல கடைகளில் 10 ரூபாய் நாணயத்தை நீட்டினால் "இது செல்லாது, நோட்டா கொடுங்க" என்ற பதிலைக் கேட்காதவர் உண்டா? 14 வடிவங்களில் வந்த 10 ரூபாய் நாணயங்கள் அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தது. இருந்தும் அந்தச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. புழங்க வேண்டிய நாணயத்தை வாங்க ஆள் இல்லை. புழங்காத நாணயத்துக்கு அடிதடி.

அந்த அடிதடிக்குள் நம் பிள்ளைகளும் இழுக்கப்படுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சுவாக்கில் சொன்னான்: "சார், நாணயம் வாங்கி விக்கிறவர் ஒருத்தர் எங்க ரூம் பசங்க எட்டு பேர் நம்பரையும் கேட்கிறார். ஒரு ஆளுக்கு இத்தனைதான்னு கட்டுப்பாடு இருக்காம். எங்க பேர்ல புக் பண்ணிக்குவார். ஓடிபி சொன்னா ஆளுக்கு 200 ரூபாய்."

"என்ன நாணயம்டா?"

"தெரியலை சார். கேட்கலை."

ஓடிபி என்பது பூட்டின் சாவி மாதிரி, யாருக்கும் சொல்லாதே என்று அனுப்பிவைத்தேன். அவனைத் திட்ட மனம் வரவில்லை. எட்டு பேர் ஒரே அறையில் ஷிப்டு மாற்றிப் படுக்கிற பிள்ளைகளுக்கு 200 ரூபாய் என்பது இரண்டு நாள் சாப்பாடு.

இது நம் ஊர் வித்தை மட்டும் அல்ல. 2014இல் அமெரிக்காவில் கென்னடி உருவம் பொறித்த அரை டாலர் தங்க நாணயம் வந்தபோது, வியாபாரிகள் கூலி கொடுத்து ஆட்களை வரிசையில் நிறுத்தினார்கள். வீடில்லாமல் தெருவில் இருந்தவர்களும் அதில் இருந்ததாகச் செய்தி வந்தது. தள்ளுமுள்ளுக்குப் பயந்து நேரடி விற்பனையையே நிறுத்தினார்கள். 2019இல் அங்கே ஒரு வெள்ளி நாணயம் 30,000 மட்டும் அடித்து, வீட்டுக்கு ஒன்று என்று வலைத்தளத்தில் விற்றார்கள். விலை 66 டாலருக்கும் குறைவு. அரை மணிக்குள் தீர்ந்தது. பிறகு 1,000 டாலருக்கு மேல் கைமாறியது. ஆளுக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு மட்டும் போதாது என்பதற்கு இது ஒன்றே சாட்சி. ஆள் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு கட்டுப்பாடே இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 100 ரூபாய் நாணயம் 10,000 ரூபாய்க்குப் போனது என்று கேள்விப்படுகிற பையன், தன்னிடம் உள்ள வைஷ்ணோ தேவி நாணயத்துக்குப் பத்து லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் வரும் செய்தியையும் நம்புகிறான். முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து வரி, அடுத்து கமிஷன் என்று இவனிடம்தான் பணம் கறப்பார்கள். பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம், நாங்கள் அப்படி யாரையும் நியமிக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அந்த அறிவிப்பு இந்தப் பிள்ளைகளின் போனுக்கு வரவில்லை. மோசடிச் செய்தி தினமும் வருகிறது.

வியாபாரிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. பணத்தைப் போட்டுச் சரக்கை வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். விலை இறங்கினால் நஷ்டம் அவர்களுக்குத்தான். பழைய நாணயத்தின் வரலாற்றை நம்மைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்களில் உண்டு. சோழர் காசையும் நாயக்கர் காசையும் தேடிக் கொண்டுவந்து விற்பது ஒரு உழைப்பு. ஆனால் அரசு நேற்று அடித்த நாணயத்தை இன்று பத்து பேர் பெயரில் வாங்கி, நாளை கூடுதல் விலைக்கு விற்பதில் என்ன தேடல் இருக்கிறது?

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியது மூன்று.

ஒன்று: முப்பது நாள் முன்பதிவு திறக்கட்டும். எத்தனை பேர் பணம் கட்டுகிறார்களோ அத்தனை செட்டு அடிக்கட்டும். விண்ணப்பம் போட்டு, பணம் கட்டிக் காத்திருக்கிற முறை நமக்குப் புதிதல்ல. அப்போது முந்த வேண்டிய அவசியமே இல்லை. அரிதாக இருந்தால்தானே மதிப்பு என்பார்கள். மதிப்பு அந்தத் தலைவருக்கா, தட்டுப்பாட்டுக்கா?

இரண்டு: தபால் துறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நம் ஊரில் அவதரித்த ராமானுஜரின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2017 மே 1 அன்று தபால் தலை வெளியிட்டார்கள். தபால் தலையை அதில் அச்சிட்ட விலைக்கே விற்கிறார்கள். 200 ரூபாய் கட்டி ஒரு டெபாசிட் கணக்கு தொடங்கினால், புதிய தபால் தலைகள் வீட்டுக்கே வந்து சேரும். தபால் தலை சேர்க்கும் 6 முதல் 9 வரை படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டமும் கொண்டுவந்தார்கள். நாணயத்துக்கும் இப்படி ஒரு கணக்கு தொடங்கட்டும். பள்ளிகளுக்கென்று ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கட்டும்.

மூன்று, இதுதான் முக்கியம்: வெள்ளி நாணயம் அடிக்கும்போதெல்லாம் அதே உருவத்தோடு 5 அல்லது 10 ரூபாய் நாணயமும் புழக்கத்துக்கு வர வேண்டும். பெரிய கோயிலுக்குச் செய்தது மற்றவர்களுக்கும் முடியும். வெள்ளி வேண்டியவர் வெள்ளி வாங்கட்டும். கீரை விற்கிற அம்மாவின் கைக்கும் அந்த முகம் வரட்டும்.

தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை. நாணயம் சேர்ப்பது நல்ல பழக்கம், ஆசைக்குச் சேருங்கள். விலை ஏறும் என்று கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். யாருக்காகவும் ஓடிபி சொல்லாதீர்கள். கடையில் 10 ரூபாய் நாணயம் கொடுத்தால் மறுக்காமல் வாங்குங்கள்.

உங்கள் வீட்டுச் சில்லறை டப்பாவில் வள்ளுவரோ அண்ணாவோ இருந்தால் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இது எவ்வளவுக்குப் போகும் என்று கேட்பார்கள். அதில் எழுதியிருக்கும் தொகையைச் சொல்லிவிட்டு, இவர் யார் தெரியுமா என்று பேச்சைத் தொடங்குங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.