வாய் நாற்றத்துக்கு வயிற்று மருந்து எதற்கு?

போன மாதம் பால்வெட்டும் அம்மா ஒருவர், முந்தானையால் வாயை மூடிக்கொண்டே டிஸ்பென்சரிக்கு வந்தார். “டிரசர் ஐயா, வயித்துல கோளாறு போல. வாய் நாறுதுன்னு புள்ளைங்ககூட பக்கத்துல படுக்க மாட்டேங்குதுங்க. ஏதாச்சும் மருந்து குடுங்க” என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்ப்பல்லுக்குப் பின்னால் சுண்ணாம்பு பூசியதுபோல் காறை. ஈறு சிவந்து வீங்கி, பஞ்சு பட்டதும் இரத்தம்.

தொழிலாளத் தோழர்களே, லயத்தில் வாய் நாறினால் வயிற்றுச் சூடு என்கிறோம். வேலைக்கு வந்த புதிதில் நானும் வெள்ளை மிக்சர் கொடுத்து அனுப்பியவன்தான். பெரும்பாலும் நாற்றம் பிறப்பது வாயிலேயே. பல்லில் படியும் அழுக்கு கல்லாக இறுகி, ஈறுக்கு அடியில் இறங்குகிறது. காற்றுப் படாத அந்த இடத்தில் வளரும் கிருமிகள் கந்தக வாயுவை விடுகின்றன. கிராம்பும் மிட்டாயும் கொஞ்ச நேரம் மறைக்கும், கல்லை எடுக்காது.

பல் டாக்டரிடம் போகச் சொன்னால், “கத்தி வைப்பாங்களே” என்று பயம். பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டாம். கருவியால் கல்லைச் சுரண்டி எடுப்பார்கள். ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேரையும் சுத்தம் செய்வார்கள். சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கும்போதும் குழி ஆழமாகவே இருந்தால்தான் அறுவைப் பேச்சு.

“சுத்தம் பண்ணினா பல்லு ஆடும்” என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீக்கம் வற்றி, கல் அடைத்திருந்த சந்து தெரியும். சில நாள் கூசும். பல்லை ஆட்ட வைப்பது எலும்பைக் கரைக்கும் நோய்தான்.

அதன் பிறகு நம் பாடு. காலையில் விளக்கினால் போதாது, இராத்திரி படுக்குமுன்னும் விளக்கணும். நாக்கை வழிக்கணும். செங்கல் தூள் வேண்டாம். சிகரெட் பிடிப்பவருக்கு ஈறில் இரத்தம் குறைவாகவே கசியும்; நோயே இல்லை என்று ஏமாந்துவிடுவார். இனிப்புநீர்க்காரர்கள் கட்டாயம் ஈறைக் காட்டுங்கள். ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. வெற்றிலை பாக்கு போடும் பாட்டிமார் என்னைத் திட்டினாலும் சரி: புகையிலை சேர்க்காவிட்டாலும் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2003-இல் அறிவித்துவிட்டது.

அந்த அம்மாவுக்குக் கத்தியைவிடப் பெரிய பயம், ஒருநாள் சம்பளம். வேலைக்குப் போக முடியாது என்று பல் டாக்டர் சீட்டு எழுதினால், அதையும் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பாக 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஏற்கிறது. “பல்லுக்கெல்லாம் லீவா?” என்று மண்டோர் சிரித்தால், சீட்டோடு கிளைச் செயலாளரைப் பாருங்கள். அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கடிதம் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.