கல்லுக்கு எதுக்குப் படிப்பு?

"கல் யாவாரத்துக்கு எதுக்கு சேர் சயன்ஸ்?"

எமதூர்ப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். சாதாரண தரம் எழுதும் வரை கூடப் பொறுக்காமல் வாப்பாவோடும் மாமாவோடும் கல்லுக்குப் போக நிற்கும் பிள்ளைகள் கேட்பது. பெற்றோரிலும் சிலர் சிரித்துக்கொண்டு இதையேதான் சொல்கிறார்கள். கல்லைக் கண்ணாலும் கையாலும்தான் படிக்க வேண்டும், புத்தகத்தால் அல்ல என்பது அவர்கள் பக்க நியாயம். அந்தக் கண்ணை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் கெவுடாவுக்கு என்ன நடந்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

1970கள் வரை கெவுடா என்றால் எமக்குக் கழிவுதான். பால் கலந்த மாதிரி மங்கிய கல், யாரும் சீண்டமாட்டார்கள். தாய்லாந்து வியாபாரிகள் வந்தார்கள், சொற்ப விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே உலையில் வைத்து 1500 பாகை செல்சியசுக்கும் மேலே சுட்டார்கள். வெளியே வந்தது நீலம். அவர்கள் வாங்கியது நீலத்தை, நாம் விற்றதோ கழிவு என்று நினைத்து. அன்றும் எமது ஆட்களிடம் நல்ல கண் இருந்தது. கல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவுதான் இருக்கவில்லை.

அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. குருந்தம் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தால் நீலம். கெவுடாவுக்குள் இந்த இரண்டுமே இருந்தன. தைத்தேனியம் மட்டும் ரூட்டைல் என்னும் கனியத்தின் மெல்லிய ஊசிகளாகத் தனியே ஒதுங்கி நின்றது. பால் போன்ற மங்கலுக்குக் காரணம் அந்த ஊசிகள்தான். கடும் சூட்டில் அவை கரைய, தைத்தேனியம் கல்லுக்குள் பரவி இரும்போடு சேர்ந்தது. அவ்வளவுதான் கதை. அதே ஊசிகள் மூன்று திசைகளில் ஒழுங்காக அடுக்கி நின்றால், குமிழ் வடிவில் தீட்டிய கல்லில் ஆறு கதிர் நட்சத்திரம் தெரியும். விபரம் தெரியாமல் அந்தக் கல்லை அதே உலையில் போட்டால் நட்சத்திரமும் போய்விடும்.

பெயர்களைப் பார்த்தால் இன்னும் மனம் உறுத்தும். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் 'கொரண்டம்' என்று எழுதுவது எமது குருந்தத்தைத்தான். 'டூர்மலின்' சிங்களத்துத் தோரமல்லி. 1700களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இங்கிருந்து கொண்டுபோன அந்தக் கல், சூடாக்கினால் சாம்பலை இழுத்தது. சுங்கானில் இருந்து சாம்பலை எடுக்க அதைப் பாவித்தார்களாம்! வெப்பத்தால் மின்னேற்றம் பெறும் அந்த இயல்பு பிறகு பெரிய ஆராய்ச்சிப் பொருளாயிற்று. இன்னொரு கல்லைப் பழுப்பு நிறப் பெரிடோட் என்றே எல்லோரும் விற்று வந்தார்கள். 1952இல்தான் அது வேறு கனியம் என்று நிரூபித்து, இந்த நாட்டை வைத்தே 'சிங்ஹலைட்' என்று பெயரிட்டார்கள். எமது நாட்டுக் கல், எமது நாட்டுப் பெயர், ஆனால் ஆராய்ச்சி நடந்த இடம் வேறு.

பிள்ளைகள் தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்று பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள். இந்த நாட்டின் நிலத்துக்கடியில் பத்தில் ஒன்பது பங்கு பழைமையான பளிங்குப் பாறை, அதிலும் பெரும்பகுதி உருமாறிய பாறை. வாப்பா கொண்டுவரும் கல்லில் பெரும்பாலானவை அந்தப் பாறைகளின் சூட்டிலும் அழுத்தத்திலும் பிறந்து, மலை தேய்ந்து, ஆற்றோடு உருண்டு வந்து இல்லத்தில் தங்கியவை. இதை வகுப்பில் ஏன் சொல்வதில்லை? இல்லத்தைக் கூடையில் இட்டுத் தண்ணீரில் சுழற்றுகிறவர் செய்வதும் அடர்த்திப் பாடம்தான். படிகக்கல்லின் சாரடர்த்தி 2.65, குருந்தத்தினது ஏறத்தாழ 4. பாரமானது அடியில் தங்கும். இதைச் சொல்லாமல் விடுவதில் ஆசிரியர்களாகிய எமக்கும் பங்குண்டு. பரீட்சைக்கு வருமா வராதா என்பதே எமது கணக்காகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே எமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். குறை எதுவென்றே தெரியாதவர் எதைச் சொல்லி விற்பார்? 2000களின் தொடக்கத்தில் பெரிலியம் சேர்த்துச் சுட்ட செம்மஞ்சள் கற்கள் சந்தைக்கு வந்தபோது, பத்மராகம் என்று நம்பி வாங்கியவர்கள் பலர். பெரிய பெரிய ஆய்வுகூடங்களே முதலில் தடுமாறின. வெறுங்கண்ணால் அதைப் பிடிக்கவே முடியாது. இன்று எமது ஊர்களிலும் கல் சுடுகிறார்கள். சுட்டதா சுடாததா என்பதை வைத்தே விலை தலைகீழாக மாறுகிறது. நாளை இந்தத் தொழிலுக்கு வரப்போகும் பிள்ளைக்கு ஆய்வுகூட அறிக்கையை வாசித்து விளங்கவாவது தெரிய வேண்டாமா?

கல் யாவாரம் செய்யும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். விலைபோகாத கெவுடா, உடைந்த தோரமல்லி, படிகம், கோமேதகம் என்று பெட்டிக்குள் கிடக்கும் துண்டுகளை ஒரு பொட்டலம் கட்டி உங்கள் பிள்ளையிடம் பாடசாலைக்குக் கொடுத்தனுப்புங்கள். எந்த ஊர்க் குழியில் எடுத்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. கல் பார்க்கும் பழைய பத்து மடங்கு லென்ஸ் யாரிடமாவது சும்மா இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.