யமுனை நுரையும் சம்புப் புல்லும்: விதியில் விடுபட்ட கணக்கு

புது தில்லி: காளிந்தி குஞ்ச் அருகே யமுனையில் வெண்நுரை மிதக்கும் ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுவது வழக்கம். எத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள், எத்தனை கோடி ஒதுக்கீடு என்று பதில் வரும். அந்த நிலையங்கள் வெளியேற்றும் நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எவ்வளவு என்ற பேச்சு அபூர்வம்.

இதற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. 2015-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில் நைட்ரஜனுக்கு உச்சவரம்பு இருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அது காணாமல் போனது. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, பெருநகரங்களில் லிட்டருக்கு நைட்ரஜன் 10 மில்லி கிராம், ஏரி, குளங்களில் விடும் நீரில் பாஸ்பரஸ் 1 மில்லி கிராம் என்று வரம்பு விதித்தது.

இந்தப் பின்னணியில்தான் செயற்கை ஈரநிலங்களுக்கு ஆதரவு பெருகிவருகிறது. தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2012-லேயே நாளொன்றுக்கு 22 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈரநிலத்தை அமைத்தது. சரளைப் படுகையில் சம்புப் புல், மின்செலவு குறைவு.

நைட்ரஜனைப் பொருத்தவரை ஏற்பாடு சிறப்பானது. வேரைச் சுற்றி ஆக்சிஜன் உள்ள இடத்தில் நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் வேறு நுண்ணுயிரிகள், கழிவிலுள்ள கார்பனை உண்டு, நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன. பாஸ்பரஸுக்கு இந்த வழி இல்லை. சரளையில் படியும், அல்லது புல்லில் ஏறும். சரளைக்கு ஓர் அளவுக்கு மேல் கொள்ளாது. புல்லை அறுக்காமல் விட்டால் அது அழுகி, உறிஞ்சிய பாஸ்பரஸில் பெரும்பங்கை நீருக்கே திருப்பித் தரும்.

ஈரநிலம் கார்பனைச் சேமிக்கிறது என்ற வாதமும் பாதி உண்மையே. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் புல் எடுத்துக்கொள்கிறது. அடிச்சேறோ மீத்தேனை வெளியிடுகிறது. நைட்ரேட் சிதைவு அரைகுறையாக நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வரும். புவியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு. அளந்து பார்க்காமல் கார்பன் வரவு என்று எழுதிக்கொள்ள முடியாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி, நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். அவ்வளவு பெரிய இடைவெளியை ஈரநிலங்களால் அடைக்க முடியாது. நகரத்தில் அதற்கு நிலம் ஏது? சிறு ஓடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் கிராமங்களுக்கும் அவை பொருந்தும். அங்கும் திட்ட மதிப்பீட்டில் கட்டுமானச் செலவுடன், ஆண்டுதோறும் புல் அறுக்கும் கூலியும் இடம்பெற வேண்டும். அறுத்த புல் எங்கே போகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பூசாவில் அதைக்கொண்டு பலகை செய்யும் முறையையும் உருவாக்கினார்கள்.