ஒரே நிறம் போதுமா?

கல் என்றால் கல்தானே, அதில் என்ன ரகம் என்று கேட்கிறீர்களா?

மராட்டிய விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். சொல்லுவார்.

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் பூமி பிளந்து, எரிமலைக் குழம்பு பாய்ந்தது. அது உறைந்து உண்டான பாறை இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது.

எரிமலைப் பாறைகளை நிபுணர்கள் சிலிக்கா அளவைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். நூற்றுக்கு 45 முதல் 52 பங்கு இருந்தால் பசால்ட். அதற்கு மேல் ஆண்டிசைட் வகை. 70ஐத் தாண்டினால் ரையோலைட். தக்காணப் பாறையில் பெரும் பகுதி பசால்ட்தான்.

அப்படியானால், படத்தில் ஒரே நிறம் பூசிவிட்டால் போதுமா?

போதாது!

ஒரு பசால்ட் இறுகிய கல். வெடிப்பு இல்லாவிட்டால் அதில் தண்ணீர் ஊறாது. இன்னொன்று, வாயுக் குமிழிகளால் துளை விழுந்த கல். அது சிதைந்திருக்கும் இடத்தில் நீர் தங்கும். பெயர் ஒன்று, கிணறு வேறு!

ஆகவே, குழம்பு அடுக்குகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் படம் வேண்டும். அது கிராமம் வரை போய்ச் சேரவும் வேண்டும்.

செலவு ஆகும் என்பார்கள். ஆகட்டும். கடன் வாங்கி வெட்டிய கிணறு வறண்டு போனால், அந்தச் செலவை யார் கொடுப்பது?